எத்தகையர்? யாருடையது? எவ்வூரார்?

(சங்கத்தின் வெள்ளி விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்நாளில் மொழிக் கல்வி பற்றிச் சில சொற்கள் கூறுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். மொழிக் கல்வி என்றதும், தமிழைப் பிழையற எழுதுவது எப்படி, ஆங்கிலத்தில் தேர்ச்சி பெறுவது எப்படி என்பனவற்றை எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவை இன்றியமையாதவை, அவற்றுக்கென வகுப்புகளும் நடைபெறுகின்றன. இன்று நாம் எடுத்துக்கொண்ட மொழியோ வேறு. எத்தேர்விலும் கேட்கப்படாத மொழி. எந்த அலுவலகத்திலும் வேலை வாங்கித் தராத மொழி. எந்த நாட்டிலும் தானே பிறந்து வளராமல், ஒரு மனிதர் உட்கார்ந்து ஆக்கிய மொழி. அதன் பெயர் எஸ்பெராந்தோ.

வேலைக்கு உதவாத மொழியைப் பற்றி வெள்ளி விழாவில் பேசுவானேன் என்று கேட்பீர்கள். காரணம் உண்டு. எந்த மொழியைப் புதிதாகக் கற்பவரும் தொடக்கப் பாடங்களில் மூன்றைக் கற்றுக்கொள்கிறார். ஒருவர் எத்தகையவர் என்று சொல்வது ஒன்று. ஒரு பொருள் யாருடையது என்று சொல்வது மற்றொன்று. ஒருவர் எந்த ஊரைச் சேர்ந்தவர், எக்கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று சொல்வது மூன்றாவது. தாய்மொழியில் இம்மூன்றையும் நாம் எண்ணிப் பாராமலே பேசி வருகிறோம். புதிய மொழியில் ஒவ்வொரு சொல்லாக அடுக்கும்போதுதான், இதுகாறும் நாம் என்ன சொல்லி வந்தோம், நம்மை என்ன சொல்லி வந்தார்கள் என்பது கண்ணுக்குப் புலனாகிறது. ‘நீ யார், உனக்கு என்ன உண்டு, நீ எந்த ஊர்’ என்னும் இக்கேள்விகளே தலைமுறை தலைமுறையாக நம் மக்களைத் தெருமுனையில் நிறுத்தி வைத்த கேள்விகள். ஆகவே இந்தத் தொடக்கப் பாடம் நமக்கு வெறும் இலக்கணம் அன்று.

முதலில் இம்மொழியை ஆக்கியவரைப் பற்றிச் சிறிது அறிவோம். லுத்விக் சாமென்ஹாப் 1859-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 15-ஆம் நாள், அன்று ரஷ்யப் பேரரசில் அடங்கியிருந்ததும் இன்று போலந்து நாட்டில் உள்ளதுமான பியாலிஸ்டாக் நகரில், ஒரு யூத ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். ரஷ்யர், போலந்தினர், ஜெர்மானியர், யூதர் என நால்வகை மக்கள் அந்நகரில் வாழ்ந்தனர். நால்வர்க்கும் மொழி வேறு, பகையோ பொது. மாந்தர் அனைவரும் உடன்பிறந்தோர் என்று வீட்டில் கற்பித்தார்கள். ஆனால் தெருவில் இறங்கினால் மனிதர் என்போர் எவரும் தென்படவில்லை, அந்த நான்கு இனத்தார் மட்டுமே தென்பட்டனர் என்று பிற்காலத்தில் நண்பர் ஒருவர்க்கு அவர் எழுதினார். தெருவில் இறங்கிய மனிதன் இனத்தானாகவும் சாதியானாகவும் மாறிவிடும் அனுபவத்தை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

அவர் கண் மருத்துவரானார். 1887-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், மாமனாரின் பொருளுதவியுடன், வார்சா நகரில் ஒரு சிறு நூலை ரஷ்ய மொழியில் வெளியிட்டார். அதில் 16 இலக்கண விதிகளும் ஏறத்தாழ 900 வேர்ச்சொற்களும் இருந்தன. அதே 1887-ஆம் ஆண்டில்தான் ரஷ்ய அரசு தன் உயர்நிலைப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் யூத மாணவர்க்கு வரம்பு விதித்தது. யூதர் குடியிருக்க அனுமதிக்கப்பட்ட பகுதிகளில் நூற்றுக்குப் பத்துப் பேர், பிற பகுதிகளில் ஐந்து பேர், இரு தலைநகரங்களில் மூன்று பேர் என்பதே அவ்வரம்பு. பின்தங்கியோர்க்கு வாயிலைத் திறந்துவைக்கும் ஒதுக்கீடு ஒரு வகை. முன்னேற வந்தோர்க்கு வாயிலைக் குறுக்கும் வரம்பு மற்றொரு வகை. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்புவோர் இந்த 1887-ஐ நினைவிற் கொள்ள வேண்டும். தம் மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு குறுகிய ஆண்டில், எவரும் எளிதிற் கற்கும் மொழியொன்றை ஒரு யூதர் உலகுக்குத் தந்தார்.

மொழியின் அமைப்பு எளியது. சொல்லின் ஈறே அதன் இனத்தைக் காட்டும். ‘ஓ’ என முடிந்தால் பெயர்ச்சொல். ‘ஆ’ என முடிந்தால் பண்பைக் குறிக்கும் அடைமொழி. ‘தோமோ’ என்றால் வீடு. ‘கிராண்டா’ என்றால் பெரிய. ‘கிராண்டா தோமோ’ பெரிய வீடு. விகுதிகளைச் சேர்த்துச் சேர்த்து ஒரு வேரிலிருந்து பல சொற்களை ஆக்கலாம் என்னும் எண்ணம் சாமென்ஹாபுக்குப் பள்ளிப் பருவத்தில் கடைத்தெருவில் தோன்றியது. வாயிற்காவலர் அறை ஒன்றின் பலகையிலும் மிட்டாய்க் கடை ஒன்றின் பலகையிலும் ‘ஸ்காயா’ என்னும் ஒரே ரஷ்ய ஈறு இருக்கக் கண்டார். ஒரு விகுதியைக் கற்றால் நூறு சொற்களை மனப்பாடம் செய்யும் துன்பம் நீங்கும் என்று உணர்ந்தார். நாள் முழுதும் உழைத்துவிட்டு இரவில் படிக்க அமர்வோர்க்கு இந்தச் சிக்கனத்தின் அருமை தெரியும்.

இனி முதற் பாடத்திற்கு வருவோம். ஒருவர் எத்தகையவர்?

‘போனா’ என்றால் நல்ல. அதன் முன் ‘மல்’ என்னும் ஒட்டைச் சேர்த்தால் ‘மல்போனா’, தீய. ‘யூனா’ இளைய, ‘மல்யூனா’ முதிய. ‘ரீச்சா’ செல்வமுள்ள, ‘மல்ரீச்சா’ வறிய. ‘ஆல்தா’ உயரமான, ‘மலால்தா’ உயரம் குறைந்த. இவ்வாறு பாதிச் சொற்களைக் கற்றால் மறுபாதி தாமே வந்துவிடும். இதனைப் படித்த நாளில் நாம் சற்றே நின்றோம். ‘உயர்ந்தவர், தாழ்ந்தவர்’ என்னும் தமிழ்ச் சொற்களை இம்மொழியில் எப்படிச் சொல்வது? ‘ஆல்தா’ என்று சொன்னால், கேட்பவர் அம்மனிதர் எத்தனை அடி உயரம் என்றுதான் முதலில் எண்ணுவார். பிறப்பால் உயர்ந்தவர் என்று சொல்ல வேண்டுமாயின், யார் உயர்த்தினார், எதனால் உயர்ந்தார் என்று கூடுதலாக விளக்கியாக வேண்டும். நம் மொழியில் விளக்கமே தேவைப்படவில்லை. ‘பெரிய மனிதர்’ என்றால் ஊரில் அனைவர்க்கும் புரிகிறது. ‘சின்ன சாதி’ என்றாலும் புரிகிறது. விளக்கம் வேண்டாத அளவுக்குப் பழகிப்போன சொல்லே மிகுந்த தீங்கு செய்யும் சொல்.

எஸ்பெராந்தோவில் இகழ்ச்சிக்கும் ஒரு விகுதி உண்டு. ‘தோமோ’ வீடு, நடுவில் ‘ஆச்’ என்பதைச் செருகி ‘தோமாச்சோ’ என்றால் பாழடைந்த இழிந்த வீடு. மனிதர் ஆக்கிய மொழி. மனிதரின் இகழ்ச்சிக்கும் அதில் இடம் வைத்திருக்கிறது. ஆனால் அங்கே இகழ்ச்சி தனித் துண்டாக வெளியே தெரிகிறது. அதை எடுத்துவிட்டால் வீடு வீடாகவே எஞ்சும். நம் மக்களின் குலப்பெயர்களிலோ விகுதி எதையும் சேர்க்காமலே வேர்ச்சொல்லையே வசைச்சொல்லாக்கி விட்டனர். பெயரைச் சொன்னாலே திட்டியதாகும் நிலை வந்தது.

அந்நிலையை நம் முன்னோர் இருவகையில் எதிர்த்தனர். இரட்டைமலை சீனிவாசன் 1893-ஆம் ஆண்டில் தாம் தொடங்கிய இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். இகழ்ச்சியாக எறியப்பட்ட பெயரைக் கையில் ஏந்தித் தலைப்பாக அச்சிட்டார். எம். சி. ராஜா மற்றொரு வழியை மேற்கொண்டார். அவர் கொணர்ந்த தீர்மானத்தின் பயனாக, 1922-ஆம் ஆண்டில் சென்னை அரசு பழைய பெயர்களுக்கு மாறாக ‘ஆதிதிராவிடர்’ என்னும் பெயரை ஏற்றது. ஒருவர் பெயரை மாற்றாமல் பொருளை மாற்ற முயன்றார். மற்றவர் பெயரையே மாற்றினார். எவ்வழி சிறந்தது என்று இங்கே தீர்ப்புரைக்க வேண்டியதில்லை. நம்மை எப்படி அழைப்பது என்பதை நாமே முடிவு செய்வோம் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர்.

எத்தகையவர் என்பதோடு, எப்படி அழைப்பது என்பதும் சேர்ந்ததே. எஸ்பெராந்தோவில் முன்னிலைக்கு வழக்கில் ஒரே சொல் ‘வி’. அரசனும் ‘வி’, ஆடு மேய்ப்பவரும் ‘வி’, தாயும் ‘வி’, குழந்தையும் ‘வி’. ‘சி’ என்னும் ஒருமைச் சொல் ஏட்டில் உண்டெனினும் அதை எவரும் பெரும்பாலும் எடுத்தாள்வதில்லை. தமிழிலோ நீ, நீர், நீங்கள், தாங்கள் எனப் படிகள் உண்டு. மரியாதைச் சொற்கள் இருப்பது ஒரு மொழிக்குக் குறையன்று. மூத்தோரைத் ‘தாங்கள்’ என்று அழைப்பது நமக்கு இன்பமே. ஆனால் எழுபது வயது முதியவரை ஏழு வயதுச் சிறுவன் ‘வாடா’ என்று அழைக்கவும், அம்முதியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ‘ஆண்டே’ என்று விடையிறுக்கவும் நேர்ந்ததே, அங்கே படிகள் வயதையோ அறிவையோ அளக்கவில்லை, பிறப்பை அளந்தன. ‘அவர்கள்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘அதுகள்’ என்று சொன்ன வாய்களும் உண்டு. மக்கள் எனச் சுட்டப்படுவோர் அனைவரும் உயர்திணை என்று வகுத்தது தொல்காப்பியம். அதில் சாதி விலக்கு எதுவும் இல்லை. ‘அதுகள்’ என்றவர் நம்மை மட்டும் இழிவுபடுத்தவில்லை. தமிழ் இலக்கணத்தையும் மீறினார்.

இரண்டாம் பாடம், யாருடையது என்பது.

‘மி’ என்றால் நான். அதனோடு அடைமொழிக்குரிய ‘ஆ’ சேர்ந்தால் ‘மீயா’, என்னுடைய. ‘வீயா’ உங்களுடைய. ‘நீயா’ நம்முடைய. ‘யாருடைய’ என்று கேட்க ‘கீயெஸ்’ என்னும் சொல். அதே அச்சில் வார்த்த விடைகளும் உண்டு. ‘நெனீயெஸ்’ ஒருவருடையதும் அன்று, ‘ச்சீயெஸ்’ எல்லோருடையதும். இந்தக் கடைசிச் சொல் நம் உள்ளத்தில் பதிந்தது. ‘எல்லோருக்கும் உரியது’ என்பதை ஒரே சொல்லால் சொல்லத் தொடக்க மாணவனுக்கே கற்பிக்கிறார்கள்.

இந்தச் சொல்லுக்காகத்தான் அண்ணல் அம்பேத்கர் மகாடில் போராடினார். பொது நீர்நிலைகள் அனைவர்க்கும் திறந்திருக்க வேண்டும் என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923-ஆம் ஆண்டு தீர்மானம் இயற்றியது. சவுதார் குளத்தைத் திறந்துவிட மகாடு நகராட்சியும் முடிவு செய்தது. தீர்மானம் தாளில் இருந்தது. குளத்து நீர் பிறர் கையில் இருந்தது. 1927 மார்ச் 20-ஆம் நாள் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து சென்று அந்நீரைக் கையால் அள்ளிப் பருகினார். குளம் தங்களுக்கே உரியது என்று எதிர்த்தரப்பினர் வழக்கிட்டனர். 1937-ஆம் ஆண்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் அவ்வழக்கை ஏற்க மறுத்தது. ‘யாருடைய நீர்?’ என்னும் எளிய வினாவுக்கு ‘எல்லோருடையதும்’ என்னும் விடையை நிலைநாட்டப் பத்து ஆண்டுகள் ஆயின.

பொருளின் உடைமை இவ்வாறிருக்க, மனிதரின் உடைமை என்ன? ‘என் பேனா’ என்பதும் ‘என் தந்தை’ என்பதும் எஸ்பெராந்தோவில் ‘மீயா’ என்றே வரும். பேனாவை விற்கலாம், தந்தையை விற்க முடியாது. வடிவம் ஒன்றாயினும் பொருள் வேறு. இவ்வேறுபாட்டைத் தமிழ் இலக்கணம் நுட்பமாகக் காத்துள்ளது. ‘நம்பி மகன்’ என்னும் தொகையை விரிக்கும்போது ‘நம்பியது மகன்’ என்று ஆறாம் வேற்றுமையின் ‘அது’ உருபைக் கொடுத்தல் ஆகாது. ‘நம்பிக்கு மகன்’ என்று ‘கு’ உருபு கொடுத்தே விரிக்க வேண்டும் என்பது தொல்காப்பிய விதி. மகன் உயர்திணை, அவன் தந்தைக்கு உறவு, தந்தையின் உடைமை அல்லன் என்று இவ்விதியை நாம் பொருள் கொள்ளலாம்.

இலக்கணம் இவ்வாறு சொல்ல, நிலவுடைமை வேறொன்றைச் சொன்னது. ‘இவன் நம் பண்ணையாள்’, ‘இவன் அவருடைய படியாள்’ என்ற இடங்களில் அந்த ‘உடைய’ உறவைக் குறிக்கவில்லை. ஏரையும் மாட்டையும் குறிப்பதுபோல் ஆளையும் குறித்தது. ஒருவரை அடிமையென்று உரிமை கொண்டாடுவதை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்று 1843-ஆம் ஆண்டில் இந்தியாவில் சட்டம் வந்தது. சட்டம் வந்த பின்னரும் கடன் என்னும் கயிற்றால் குடும்பங்கள் பண்ணைகளிற் கட்டுண்டு கிடந்தன. ஆகவே நம் பிள்ளைகள் ‘யாருடைய’ என்னும் சொல்லைக் கற்கும்போது, பொருளுக்கு மட்டுமே அதைப் பொருத்தவும், மனிதரைக் குறித்து எவரேனும் அவ்வாறு பேசினால் எழுந்து மறுக்கவும் கற்க வேண்டும்.

உடைமையை விட்டுக்கொடுப்பதிலும் சாமென்ஹாப் ஒரு முன்மாதிரி. தம் முதல் நூலிலேயே, பொதுமொழி என்பது நாட்டு மொழிகளைப் போலவே சமுதாயத்தின் சொத்து என்றும், அதன்மீது தமக்குரிய தனியுரிமைகள் அனைத்தையும் என்றென்றைக்கும் துறப்பதாகவும் அறிவித்தார். தாம் ஆக்கிய மொழியை ‘மீயா’ என்று சொல்லாமல் ‘ச்சீயெஸ்’ என்று சொல்லிவிட்டார். கல்வியைத் தம் குலச்சொத்தாகப் பூட்டி வைத்தோரின் வரலாற்றை அறிந்த நமக்கு இச்செயலின் பெருமை நன்கு விளங்கும்.

மூன்றாம் பாடம், எவ்வூரார் என்பது. இன்றைய பேச்சின் நடுப்பொருள் இதுவே.

எஸ்பெராந்தோவில் ‘ஆன்’ என்றொரு விகுதி உண்டு. ஓரிடத்தில் வாழ்பவர், ஓர் அமைப்பின் உறுப்பினர், ஒரு கொள்கையைச் சார்ந்தவர் என்னும் மூன்றையும் அது குறிக்கும். ‘ஊர்போ’ என்றால் நகரம், ‘ஊர்பானோ’ நகரத்தார். நம் ‘ஊர்’ என்னும் சொல்லோடு ஒலி ஒத்திருப்பது தற்செயலே. அது இலத்தீனிலிருந்து வந்த சொல். ‘விலாஜோ’ சிற்றூர், ‘விலாஜானோ’ சிற்றூரார். அச்சிற்றூரின் எந்த மூலையில் வாழ்பவரும், எத்தொழில் செய்பவரும், எத்தெய்வத்தை வணங்குபவரும் ‘விலாஜானோ’ தான். அங்கே வாழ்வது ஒன்றே தகுதி.

இதைத் தமிழில் பெயர்க்க முற்பட்டால் என்ன சொல்வோம்? ‘ஊரார்’ என்போம். ஆனால் ‘ஊரார் கூடினர்’ என்று சொன்னால் அதில் நாம் உண்டா? ‘ஊர்ப் பொதுக் கிணறு’ என்றால் அது நமக்கும் பொதுவா? ‘ஊரும் சேரியும்’ என்று பிரித்துப் பேசும் வழக்கில், சேரியில் வாழ்பவர் அதே வருவாய்க் கிராமத்தில் வாக்களித்தாலும், அதே ஏரிப் பாசனத்தில் நாற்று நட்டாலும், ஊரார் ஆவதில்லை. ‘எந்த ஊர்?’ என்று வழியில் கேட்பவர்க்கு ஊர்ப்பெயரைச் சொன்னால், ‘ஊரிலா, காலனியிலா?’ என்று அடுத்த கேள்வி வரும். முதற்கேள்வி இடத்தைக் கேட்டது. இரண்டாம் கேள்வி சாதியைக் கேட்டது. அந்த ‘ஆன்’ விகுதி எளிதாகச் செய்துவிடும் வேலையை நம் ‘ஆர்’ விகுதி செய்ய மறுப்பது தமிழின் குற்றமன்று. விகுதி அனைவர்க்கும் பொதுவாகவே இருக்கிறது. அதனைப் பயன்படுத்துவோரே நம்மை வெளியே நிறுத்தினர்.

தமிழில் எஸ்பெராந்தோவுக்கு வாய்க்காத ஒரு செல்வமும் உண்டு. அங்கே தன்மைப் பன்மைக்கு ‘நி’ என்னும் ஒரே சொல். தமிழில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. ‘நாங்கள் உண்டோம்’ என்றால் கேட்பவர் அதில் இல்லை. ‘நாம் உண்போம்’ என்றால் கேட்பவர்க்கும் இலை போடப்பட்டுவிட்டது. ஊர்க் கூட்டங்களில் நம்மைப் பார்த்துப் பேசும்போது ‘நாங்கள்’ என்று தொடங்குகிறார்களா, ‘நாம்’ என்று தொடங்குகிறார்களா என்பதை இளைஞர்கள் கவனித்துப் பாருங்கள். அதே வேளையில் நம் சங்கத்திலும் கவனியுங்கள். நம்முள் வேறு பிரிவினர், வேறு தெருவினர், வேறு மதத்தினர் வந்து அமரும்போது நம் வாயிலிருந்து ‘நாம்’ வருகிறதா, ‘நாங்கள்’ வருகிறதா? பிறரை நோக்கி நாம் வைக்கும் அளவுகோலை நம்மிடமும் வைத்துப் பார்ப்பதே நேர்மை.

இத்துணையும் கேட்டு, புதிதாக ஒரு மொழி செய்தால் சமத்துவம் வந்துவிடும் என்று எவரும் முடிவு செய்துவிட வேண்டாம். அவ்வாறு நேரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மொழியின் உள்ளேயே குறை உண்டு. ‘பாத்ரோ’ தந்தை, தாயைச் சொல்ல அதனோடு ‘ஈன்’ சேர்த்துப் ‘பாத்ரீனோ’ என்கிறார்கள். தந்தை வேர்ச்சொல், தாய் அதிலிருந்து கிளைத்த சொல் என்றாகிறது. சமத்துவம் வேண்டிய நல்லவரும் தம் காலத்துப் பழக்கத்தைத் தம்மையறியாமல் இலக்கணத்தில் எழுதிவிட்டார். நம் சங்கக் கூட்டங்களில் பெண்கள் ஒரு விகுதியாக மட்டும் இருக்கிறார்களா என்பதையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம்.

இயக்கத்திலும் குறை இருந்தது. 1905-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் பூலோன் நகரில் முதல் உலக மாநாடு கூடியது. பல நாடுகளிலிருந்து ஏறத்தாழ எழுநூறு பேர் வந்தனர். ஒரே மொழியில் பேசி மகிழ்ந்தனர். அம்மாநாட்டில் பாடுவதற்காகச் சாமென்ஹாப் ஒரு வழிபாட்டுப் பாடல் எழுதியிருந்தார். யூதர் உள்ளிட்ட பல சமயத்தாரையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லும் அதன் இறுதிப் பகுதியை விட்டுவிடுமாறு பிரெஞ்சுத் தலைவர்கள் அவரை வற்புறுத்தினர்; அவரும் இசைந்தார். மொழியைத் தந்தவர் யூதர் என்பது வெளியே பரவினால் மொழிக்கே இழுக்கு நேரும் என்று அவர்கள் அஞ்சினர். எல்லோரையும் ஏற்கும் மொழியின் மேடையில் அம்மொழியின் தந்தையே தம் பிறப்பைத் தாழ்ந்த குரலிற் சொல்ல வேண்டியிருந்தது. நகரத்தில் வாடகை வீடு தேடும்போதும், அலுவலகத்தில் உணவுப் பெட்டியைத் திறக்கும்போதும் நம்மவர் தம் ஊரின் பெயரை விழுங்கிப் பேசுவதை அறிந்தோர்க்கு அவர் நிலை புரியும்.

மறு ஆண்டிலேயே, 1906 ஜூனில், அவர் பிறந்த பியாலிஸ்டாக் நகரில் யூதர்மீது கொடிய வன்முறை நிகழ்ந்து பலர் கொல்லப்பட்டனர். ஜெனீவாவில் கூடிய இரண்டாம் மாநாட்டில் அதை அவர் வெளிப்படையாக எடுத்துரைத்தார். இம்முறை அவர் மௌனம் காக்கவில்லை. 1917-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் அவர் மறைந்தார். நாஜிகள் போலந்தைக் கைப்பற்றிய பின், அவர் மகன் ஆதாம் 1940-ஆம் ஆண்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். மகளிர் சோபியா, லிதியா இருவரும் 1942-ஆம் ஆண்டில் திரெப்ளிங்கா கொலைமுகாமில் உயிரிழந்தனர். ரஷ்யாவிலோ ஸ்டாலின் ஆட்சியில், 1937, 1938 ஆம் ஆண்டுகளில், எஸ்பெராந்தோ பயின்றோர் பலர் சிறைப்பட்டனர், பலர் கொல்லப்பட்டனர். சொற்கள் மட்டும் ஒருவரையும் காப்பதில்லை. சொற்களுக்குப் பின்னே சட்டம் வேண்டும். சட்டத்திற்குப் பின்னே ஒன்றுபட்ட மக்கள் வேண்டும். அம்மக்களுக்குக் கல்வி வேண்டும். நம் சங்கம் 25 ஆண்டுகளாகச் செய்துவருவது இந்தக் கடைசிப் பணியைத்தான்.

முடிக்குமுன், இன்னும் ஒரு சிறு பாடம். அதுவும் தொடக்க நூலில் உள்ளதே.

‘ப்ரெமி’ என்றால் அழுத்துதல், நசுக்குதல். ‘ப்ரெமீதோ’ என்றால் நசுக்கப்பட்டவர். அச்செயல் முன்பு நிகழ்ந்தது. ‘ப்ரெமாதோ’ என்றால் இப்போது நசுக்கப்பட்டு வருபவர். ‘ப்ரெமாந்தோ’ என்றால் நசுக்குபவர். ஓர் எழுத்து மாறினால் காலம் மாறுகிறது. ஈறு மாறினால் செய்தவர் யார், செயலுக்கு ஆளானவர் யார் என்பது வெளிப்படுகிறது. தமிழிலும் ‘தாழ்ந்தோர்’ என்பதற்கும் ‘தாழ்த்தப்பட்டோர்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. முதற்சொல் குற்றத்தை நம் பிறப்பின்மேல் வைக்கிறது. இரண்டாம் சொல், தாழ்த்தியவர் ஒருவர் உண்டு என்று சாட்சி சொல்கிறது. ‘தலித்’ என்னும் சொல்லும் அவ்வகையினதே. உடைக்கப்பட்டவர், நசுக்கப்பட்டவர் என்பது அதன் பொருள். அது நம் இயல்பைக் குறிக்கும் அடைமொழி அன்று. நமக்கு இழைக்கப்பட்டதன் பதிவு. எனவே அதைச் சொல்ல நாம் நாணுவதில்லை.

ஆனால் இழைக்கப்பட்டதோடு நம் வரலாறு முடிந்துவிடவில்லை. சாமென்ஹாப் தம் முதல் நூலில் இயற்பெயரை இடாமல் ஒரு புனைபெயரை இட்டார். ‘எஸ்பேரி’ என்றால் நம்பிக்கை கொள்ளுதல். ‘எஸ்பெராந்தோ’ என்றால் நம்பிக்கை கொண்டிருப்பவர். அப்பெயரே பிறகு மொழியின் பெயராயிற்று. அதே ‘ஆந்தோ’ ஈற்றைக் கற்றல் என்னும் பொருளுடைய ‘லெர்னி’யோடு சேர்த்தால் ‘லெர்னாந்தோ’, கற்றுக்கொண்டிருப்பவர். மாணவரைக் குறிக்க இம்மொழியில் வழங்கும் சொல் அது. அது செயப்பாட்டு வினையன்று, செய்வினை. இறந்த காலமன்று, நிகழ்காலம்.

இளைஞர்களே! நம்மை எத்தகையர் என்று பிறர் சொன்னதைக் கேட்டு வாழ்ந்தோம்; இனி நாமே சொல்வோம். நம்மை யாருடையவர் என்று கேட்டார்கள். நாம் எவருடைய உடைமையும் அல்லோம் என்று விடையிறுப்போம். எவ்வூரார் என்று கேட்டால், ஊரின் பெயரை முழுக்குரலில் சொல்வோம். ஊர் நமக்கும் ஊரே என்பதையும் சேர்த்துச் சொல்வோம். இன்று மாலையும் வழக்கம்போல் வகுப்பு உண்டு. விழா முடிந்ததும் நாற்காலிகளை ஒழுங்குபடுத்திவிட்டு, புத்தகங்களுடன் அமருமாறு வேண்டுகிறோம். அங்கே அமரும் ஒவ்வொருவரும் லெர்னாந்தோ.